ஒன்றே முக்கால் வரை

"என்ன ஊத்தினீங்க பிள்ளைக்கு, உண்மையைச் சொல்லுங்க" என்று நர்ஸ் கேட்டது அக்காவைப் பார்த்துத்தான். முனிரத்தினத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் அக்காவுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டிலும் துண்டும் வைத்த ஒயர்கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். கூடை பிடித்து நிற்கிற ஆம்பளையிடம் யார் என்ன கேட்பார்கள். அக்கா, ஒண்ணும் ஊத்தலைம்மா, தாய்ப்பால்தான் என்றாள். வசம்பு? இல்லை. சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், மூக்குல எண்ணெய்? ஐயோ, இல்லைம்மா. "ஒண்ணுமே பண்ணாம ஒன்பது நாள் பிள்ளைக்கு நூத்தியொண்ணு எப்படிம்மா அடிக்கும்? பிள்ளை பெத்தவங்கதானே நீங்க?" அக்கா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நர்ஸ் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் அவன் மனைவி வள்ளியையும் கொண்டுபோயிருந்த வார்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். கதவு இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடி நின்றது. அந்த இரண்டு ஆட்டத்துக்குள் அவன் சொல்லியிருக்கலாம். சிஸ்டர், ஒரு நிமிஷம், என்று கதவுக்குள் தலையை நீட்டினால் போதும். சொல்லவில்லை. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூன்றேகால். நடுவில் கூடையை வைத்தான். வைத்த பிறகுதான், அக்காவுக்கும் தனக்கும் இடையில் எதையாவது வைக்கவேண்டும் என்று கை தானாகச் செய்த காரியம் அது என்று தோன்றியது.

பெஞ்சு சிமெண்டு பெஞ்சு. வேலூர் வெயில் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தது, வேட்டியைத் தாண்டித் தொடையில் சுட்டது. கத்திரி தொடங்கி ஆறாவது நாள். எதிரே சுவரில் தாய் ஒருத்தி பிள்ளையை மார்போடு அணைத்திருக்கிற படம், பிள்ளையின் தலையில் நீலக் குல்லா. அவன் அந்தக் குல்லாவைப் பார்க்காமலிருக்க முயன்றான். குல்லாவின் அளவு அவனுக்குத் தெரிந்தது, நியூபார்ன், ஓரம் மடித்துத் தைத்தது, நம் கடையில் மூன்றாவது தட்டில் இருக்கும். பதினாறு வருஷம். ஜவுளிக்கடையில் மாடியேறியதும் இடது பக்கம் குழந்தைகள் பிரிவு, அங்கே பதினாறு வருஷமாக அவன் பிறந்த பிள்ளைகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம், கல்யாணத்துக்குப் பின்னால் பிள்ளையில்லாமல் ஒன்பது வருஷம். ஒரு கையை விரித்து அதன்மேல் சட்டையைப் போட்டுக் காட்டுவான். பார்க்கிறவர்களுக்கு உள்ளே பிள்ளை இருப்பதுபோலத் தெரியும். மேடம், இந்தக் கம்பளி மார்கழிச் சரக்கு, ஏலகிரி ஊட்டி போறவங்களுக்கு வச்சிருக்கோம், இந்த வெயிலுக்கு வேணாம், மல் துணி எடுங்க, கை இல்லாதது, முன்னாடி முடிச்சு போடறது. பிள்ளையோட கழுத்துக்குப் பின்னாடி ஒரு விரலை வச்சுப் பாருங்க மேடம், ஈரமா இருந்தா ஒரு துணியைக் குறைச்சிடுங்க. இதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது துணி எடுக்க வந்த ஒரு டாக்டரம்மாதான். அன்றிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவான். சொல்லும்போது ஒரு விரலை நிமிர்த்திக் காட்டுவான். அவர்களும் தலையாட்டிவிட்டு மல் துணி எடுத்துப்போவார்கள். அந்த விரல் இப்போது கூடையின் பிடியில் இருந்தது. அவன் அதை மடக்கிக்கொண்டான்.

கழட்டியாகிவிட்டது, இனிமேல் என்ன. கழட்டியாகிவிட்டதால் இல்லாமல் போய்விடுமா. அது இப்போது வீட்டின் பின்வாசலில் நிற்கிற அவன் ஸ்கூட்டர் பெட்டிக்குள், மழைக்கோட்டுக்கு அடியில் இருக்கிறது. சட்டை, குல்லா, கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு, எல்லாம் ஒரே மஞ்சள் கம்பளி. ஒரு கையுறையைத்தான் அவசரத்தில் எங்கே போட்டான் என்று தெரியவில்லை. கேட் சத்தம் கேட்டபோது மணி ஒன்றே முக்கால். அக்கா குடியாத்தத்திலிருந்து வந்துவிட்டாள். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, வள்ளியின் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போனவள். தன் வீட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் பழைய வேட்டி எடுத்துவரப் போயிருந்தாள். துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டிதான் பிள்ளைக்கு ஆகும், புதுத்துணி பதினாறாம் நாள்தான் உடம்பில் படவேண்டும் என்பது அவள் கட்டளை. "நீ கடையையே தூக்கிட்டு வந்தாலும் பதினாறு வரைக்கும் எம்பிள்ளைக்குக் கந்தல்தாண்டா" என்று சிரித்தாள். எம்பிள்ளை என்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது அவனுக்கு எப்போதும் நினைவில் இருக்கிற விஷயம் இல்லை. நர்ஸ் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. அக்கா அதற்கு என்ன முகம் வைத்துக்கொண்டாள் என்று அவன் பார்க்கவில்லை. பின்னால் நின்றிருந்ததால் அவள் கொண்டைதான் தெரிந்தது. கொண்டை அசையவில்லை.

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. நம்முடையதா? அக்காவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. நம்முடையதாக இருக்காது, நம்முடையது காலையிலிருந்து இப்படி அழவில்லை. மறுபடியும் வீறிட்டது, பிறகு விட்டுவிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து அழுவதுபோல. ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பக்கமிருந்து வந்த ஆயா சொல்லிவிட்டுப் போனாள். "புறங்கையிலதான் எடுப்பாங்க. நரம்பே கிடைக்கல. மூணு தபா குத்திட்டாங்க." மூன்று. அந்தக் கை எத்தனை பெரியது. அவன் சுண்டுவிரலை அது முழுதாகச் சுற்றிப் பிடிக்காது. இரண்டு கிலோ நூறு. பிறந்த அன்று தராசில் வைத்துச் சொன்னபோதே அவனுக்கு ஏதோ செய்தது. சந்தோஷம்தான், ஒன்பது வருஷத்துச் சந்தோஷம், ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. கால்கள் குச்சியாக, தொடையில் தோல் சுருங்கி, முகம் கிழவனுடைய முகமாக. பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்ல, பால் குடிச்சா தேறிடும் என்றார்கள். பரவாயில்லை என்று ஏன் சொல்லவேண்டும். அவன் கடையில் கையை உள்ளே விட்டு விரித்துக் காட்டுகிற சட்டைகளில் எப்போதும் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை இருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் அவன் ஒன்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

காலையில் கடையிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள், இரண்டாவது ஷிப்ட்டுக்குப் போகிற வழியில். சூப்பர்வைசர் திருஞானம், பில் போடுகிற ஹேமாவதி, சேலைப் பிரிவு கன்னியப்பன். பதினொரு மணிக்கு. வள்ளி தையல் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கிவிட்டிருந்தாள். ஹேமாவதி பையிலிருந்து மஞ்சள் செட்டை எடுத்தாள். ஸ்டாஃப் எல்லாம் சேர்ந்து கொடுக்கிறது அண்ணா, கலர் நான்தான் பார்த்தேன். அவன் அதைத் தொட்டதும் தெரிந்துகொண்டான், போன மார்கழியில் தங்கிப்போன சரக்கு, அவனே தட்டில் அடுக்கியது. அது பரவாயில்லை. பிள்ளையைக் கொண்டுவாங்க பாக்கலாம் என்றார் திருஞானம். அவன் உள்ளே போனான். பிள்ளை அக்காவின் வேட்டிக் கந்தலில் கிடந்தது. ஒரு மூலையில் கிழிசல், ஒரு பக்கம் மஞ்சள்கறை. குழந்தைத் துணி விற்கிறவன் பிள்ளை. அப்படித்தான் நினைத்தான். இதைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் எப்படி நிற்பது. வெளியில் கன்னியப்பன், "ரத்தினம் சார் பையன் என்ன பிராண்டு போட்டிருக்கான்னு பாக்கணும்" என்று சொன்னது கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லை. அவன் செட்டை எடுத்து மாட்டினான். கை நுழைத்து, குல்லா இழுத்து, காலுக்குப் போட்டு, எவ்வளவு சுளுவாக வந்தது. போட்டு முடித்ததும் பிள்ளை உருண்டையாகிவிட்டது. குச்சிக் கால் இல்லை, சுருங்கிய தோல் இல்லை. "அய்யோ பொம்மை மாதிரி இருக்கான் அண்ணா!" என்றாள் ஹேமாவதி.

அவர்கள் பன்னிரண்டரைக்குப் போனார்கள். இதை எப்படிச் சொல்வது. அவர்கள் இருக்கும்வரை போட்டிருந்தேன் என்று சொல்லலாம், அது யாருக்கும் புரியும், வந்தவர்கள் ஆசையாகக் கொண்டுவந்தது, ஒரு மரியாதைக்கு. ஆனால் அவர்கள் போனார்கள், கரண்டும் போயிற்று, அவன் கழட்டவில்லை. தொட்டிலில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியொரு பிள்ளையை அவன் அதுவரை பார்க்கவில்லை. கன்னம்கூடச் சிவந்திருந்தது. நல்ல நிறமாகிவிட்டானே என்று நினைத்தான். நினைத்தானா? நினைத்தான். போன் எடுத்துப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போட்டான், என் மகன் என்று. அதோ, சட்டைப்பையில் போன் அதிர்கிறது. மறுபடி அதிர்கிறது. எடுத்துப் பார்த்தான். நாற்பத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள். திருவண்ணாமலை சித்தப்பா மகன் இரண்டு கைகூப்பலும் ஒரு இதயமும் அனுப்பியிருந்தான். குண்டுப்பையன் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அக்கா இந்தப் பக்கம் திரும்பினாள். அவன் போனைக் கவிழ்த்தான். பிறகு தொடைமேல் வைத்தபடியே, மறைவாக, அந்தப் படத்தை அழித்தான். அழிக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினான். அவ்வளவு சீக்கிரம் போய்விட்டது.

விரல் வைத்தான் என்பதுதான். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எத்தனை முறை நினைத்தாலும் அது போகாமல் நிற்கிறது. விரல் வைத்தான். பன்னிரண்டு மணி சுமாருக்கு, அவர்கள் இருக்கும்போதே, பழக்கத்தில், குல்லாவுக்குக் கீழே கழுத்துக்குப் பின்னால். ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் துடைத்தான். ஒன்றரைக்கு மறுபடி வைத்தபோது காய்ந்திருந்தது, சுட்டது, வேர்வை நின்றுவிட்டது என்று ஆறுதலாகக்கூட இருந்தது. பாலுக்கு அழவில்லையே, எவ்வளவு சமர்த்து. தூங்குகிறது, தூங்கட்டும். பிறகு கேட் சத்தம். அந்த நிமிஷத்தில்தான் பயம் வந்தது. பிள்ளைக்காக வந்ததா, அக்காவுக்காக வந்ததா. அக்கா திட்டுவாளே என்றுதான். அவள் செருப்பைக் கழற்றி, குழாயடியில் கால் கழுவி, உள்ளே வருவதற்குள் எல்லாவற்றையும் உருவி, கந்தலைச் சுற்றி, பின்வாசல் வழியாகப் போய் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து மூடிவிட்டான். நாற்பத்தொரு வயதில். இரண்டேகாலுக்கு வள்ளி எழுந்து பிள்ளையை மாரில் வைத்தாள். அது வாயைத் திறக்கவில்லை. "ஏங்க, கொதிக்குதுங்க" என்றாள். அக்கா வந்து தொட்டாள். அவனும், அப்போதுதான் முதல்முறையாகத் தொடுகிறவன்போல, தொட்டான். ஆட்டோவில் வரும்போது அனல்காற்று படாமலிருக்க அக்கா தன் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டே வந்தாள். மூடாதே என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்தது.

"டேய் ரத்தினம்" என்றாள் அக்கா. குரல் அடங்கியிருந்தது. "காலையில குளிப்பாட்டினப்ப காதுல தண்ணி போயிருக்குமாடா?" இல்லக்கா என்றான். "இல்ல, குப்புற கால்மேல போட்டு ஊத்தறப்ப ஒரு தரம் உதறிச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு விட்டுட்டேன்." அப்படியெல்லாம் இருக்காதுக்கா. "உனக்கு இன்னாடா தெரியும்? சாம்பிராணி வேற தூக்கலா போட்டேன். அந்தப் புகை பிஞ்சு நெஞ்சுல கட்டியிருந்தா? நர்ஸம்மா கேட்டது சரிதான். எனக்கு இன்னா தெரியும்? யாரோ பண்றதைப் பாத்து நானும் பண்றேன்." அவள் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். இப்போது சொல்லவேண்டும், இந்த இடத்தில், இதைவிட வேறு இடம் கிடையாது. அக்கா, என்றான். இன்னாடா. தண்ணி குடிக்கிறியா, என்று கேட்டான். கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, நீட்டினான். அவள் அண்ணாந்து இரண்டு வாய் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. அவன் மூடியைத் திருப்பித் திருப்பி மூடினான், அதற்கு மேல் திருக முடியாத அளவுக்கு. ஜுரம் தானாகவே இறங்கிவிடும். துணி இல்லாமல் ஃபேனுக்குக் கீழே படுக்கவைத்திருக்கிறார்கள், இறங்கிவிடும், இறங்கிவிட்டால் யாரும் எதையும் சொல்லவேண்டிய அவசியமே வராது. அக்கா இரண்டு நாள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்வாள், பிறகு பதினாறாம் நாள் விசேஷத்தில் எல்லாம் மறந்துபோகும். மறந்துபோகும் என்று நினைத்ததும், அவள் இனிமேல் பிள்ளையைக் குளிப்பாட்ட வரமாட்டாள் என்பதும் கூடவே தெரிந்தது.

நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பெண், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, கையில் ஒரு அட்டையும் தாளும். பிள்ளையோட அப்பா யாரு? அவன் எழுந்தான். அக்காவும் எழுந்தாள். "ஜுரம் இன்னும் நூறுக்கு மேலதான் இருக்கு. பால் இழுக்க மாட்டேங்குது. ஒரு மாசத்துக்குள்ள இருக்கற பிள்ளைக்குக் காரணமில்லாம ஜுரம் வந்தா நாங்க சும்மா விட முடியாது. கிருமி மூளைக்குப் போயிருக்கான்னு பாக்கணும். முதுகுத்தண்டுல ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுப்போம். பயப்படாதீங்க, வழக்கமா செய்யறதுதான். இதுல ஒரு கையெழுத்து." அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். முதுகுலயா, என்றாள், யாரிடம் என்றில்லாமல். டாக்டர் பேனாவை நீட்டினார். அவன் வாங்கினான். தாளில் தந்தை அல்லது காப்பாளர் என்று அச்சடித்திருந்தது, அதன் எதிரே புள்ளிகள். அவன் முதல் எழுத்தைப் போட்டான். அந்த முதுகு அவனுக்குத் தெரியும். சட்டையை மாட்டும்போது புரட்டிப் பிடித்தது, அவன் உள்ளங்கை அகலத்தைவிடச் சின்னது, நடுவில் மணிமணியாக எலும்பு. காரணமில்லாமல் என்கிறார். காரணமில்லாமல். பேனா நின்றுவிட்டது.

"ஸ்வெட்டர் போட்டிருந்தேன்" என்றான்.

டாக்டருக்குப் புரியவில்லை. என்ன? "பிள்ளைக்கு. கம்பளி. குல்லா, கையுறை எல்லாம். நான்தான்." எப்போ? "இன்னிக்கு மத்தியானம்." எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம் என்றான். வாய்தான் சொன்னது. டாக்டர் அட்டையில் எழுதப்போனார். "இல்ல. பதினொண்ணுல இருந்து. ஒண்ணே முக்கால் வரைக்கும். கரண்டு இல்ல. நடுவுல பாலும் குடுக்கல. கழுத்து வேர்த்திருந்தது, தொடச்சேன், அப்புறம் காய்ஞ்சிடுச்சு." அவ்வளவையும் தரையைப் பார்த்துச் சொன்னான். தரையில் மொசைக். டாக்டர் அட்டையில் எழுதி முடித்தார். "வந்தவுடனே இதைச் சொல்லியிருக்கலாமே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். அவன் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும், பால் பிழிந்து பாலாடையில் கொடுத்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றலாம், ரத்தப் பரிசோதனை வந்துவிடும், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்று கதவுக்குள் பார்த்து நர்ஸிடம் சொன்னார். அப்போது அக்கா முன்னால் வந்தாள். "தெரியாம போட்டுட்டாம்மா. ஆம்பளைக்கு இன்னா தெரியும் வெயிலும் குளிரும். மொதப் பிள்ளை, ஆசை. மனசுல வச்சுக்காதீங்க." டாக்டர் லேசாகச் சிரித்து, சரிம்மா, நீங்க உக்காருங்க என்றார். ஆம்பளைக்கு என்ன தெரியும். அது அங்கேயே முடிந்துபோயிற்று. அவன் வாயைத் திறந்தபோது டாக்டர் உள்ளே போய்விட்டிருந்தார்.

ஐந்து மணிக்கு ஜுரம் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியிருந்தது. பாலாடையில் நான்கு தரம் குடித்திருக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னாள். அதையும் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னாள், குரல் மட்டும் வேறாக இருந்தது. அவள் போன பிறகு அவன், அக்கா, தெரியாம இல்ல, என்று ஆரம்பித்தான். "தெரியும்" என்றாள் அவள். கூடையிலிருந்த துண்டை எடுத்து நான்காக மடித்தாள். "பதினாறு வருஷமா அந்தத் துணியோடதானே கெடக்கறே. எனக்கா தெரியாது? முக்கால் மணி நேரம் பக்கத்துல உக்காந்துகிட்டு நான் பொலம்பறதைக் கேட்டுகிட்டே இருந்தே பாரு." துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "உள்ள போ. வள்ளி தனியா கெடக்கறா. நான் வரல."

அறையில் ஃபேன் சத்தமாகச் சுற்றியது. வள்ளி கட்டிலில் சாய்ந்திருந்தாள், தையல் இழுக்கிறது என்று ஒரு பக்கமாக. பிள்ளை அவள் மாரின்மேல் வெற்றுடம்பாகக் கிடந்தது. புறங்கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள், பஞ்சு கையைவிடப் பெரிதாக இருந்தது. குச்சிக் கால்கள் அப்படியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வாய் அசைந்தது. குடிக்கிறது. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வள்ளி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஏங்க, நர்ஸ் ஏதோ கேட்டாங்களே. உங்க அக்கா நெசமாவே ஒண்ணும் குடுக்கலியா? காலையில குளிப்பாட்டறப்பவே எனக்கு மனசு கேக்கல. இனிமே அவங்க தொட வேணாம்னு நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

"அக்கா ஒண்ணும் பண்ணல" என்றான்.

அவள் மேலே சொல்லுவான் என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திக்கொண்டான்.

"கடையிலேர்ந்து மூணு பேர் வந்திருந்தாங்க" என்றான். "நீ தூங்கிட்டிருந்தே."